பயப்படுகிற நாளில்: மழைக்கால மலையகத்தில் விசுவாசம் பற்றி ஒரு பதில்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்கிறேன். இலங்கை மலையகத்தில், பதுளைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து எடுக்கும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். குடியிருக்கும் லயத்துக்கு (வரிசை வீட்டுக்கு)ப் பின்னால் மலை. இரண்டு நாள் விடாமல் மழை பெய்தால் இரவில் கண் மூட முடியவில்லை. வாராவாரம் நுண்கடன் தவணை. மகள் வெளிநாட்டில் வீட்டு வேலை செய்கிறாள். சில மாதமாக அவளிடமிருந்து சரியான பேச்சில்லை. ஜெபக் கூட்டத்தில் இதைச் சொன்னால், "பயம் பிசாசின் ஆவி, பயந்தால் விசுவாசம் இல்லை" என்கிறார்கள். "நான் என்ன பாவம் செய்தேன்? எப்படித்தான் நம்புவது?" என்று கேட்கிறார்.

கூட்டத்தில் உங்களுக்குச் சொல்லப்பட்டதிலிருந்து தொடங்குவோம். அதற்குப் பின்னால் இருப்பது 2 தீமோத்தேயு 1:7. "தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடாமல், பலமும் அன்பும் தெளிந்த புத்தியுமுள்ள ஆவியையே கொடுத்திருக்கிறார்." பாதி வசனத்தை மட்டும் எடுத்து ஒருவரை அடிக்க இது வசதியான வசனம். கிரேக்கத்தில் அங்கே நிற்கும் சொல் 'தெயிலியா'. கோழைத்தனம், பின்வாங்குதல் என்பது பொருள். சாதாரணமாகப் பயத்துக்கு வழங்கும் 'போபொஸ்' என்ற சொல் அங்கே இல்லை. பவுல் சிறையிலிருந்து எழுதுகிறார். என்னைப் பற்றியும் சுவிசேஷத்தைப் பற்றியும் வெட்கப்பட்டு ஒதுங்கிவிடாதே என்று இளைய ஊழியனுக்குச் சொல்கிறார். மழை இரவில் பிள்ளைகளைப் பார்த்து வயிறு கலங்கும் தாய்க்கு எழுதிய வரி இல்லை அது. அதே பவுல் 2 கொரிந்தியர் 7:5இல் தன்னைப் பற்றிச் சொல்வது: "புறம்பே போராட்டங்களும், உள்ளே பயங்களும் இருந்தன." பயம் வந்தால் விசுவாசம் இல்லையென்றால் முதலில் பவுலைத்தான் சபையை விட்டு வெளியே அனுப்ப வேண்டியிருக்கும். அந்த வசனத்தின் கடைசிச் சொற்களான 'தெளிந்த புத்தி'யையும் மனதில் வையுங்கள். மண்சரிவைப் பற்றிப் பேசும்போது அது தேவைப்படும்.

சங்கீதம் 56:3 இன்னும் நேராகப் பேசுகிறது. "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." பெலிஸ்தர் தாவீதைக் காத் ஊரில் பிடித்த சமயத்துப் பாட்டு என்று அதன் தலைப்பு சொல்கிறது. பயம் போன பிறகு நம்புவேன் என்று அவர் சொல்லவில்லை. பயமும் நம்பிக்கையும் ஒரே நாளில், ஒரே நெஞ்சில் இருக்கின்றன. ஆகவே விசுவாசத்தை அளக்க, பயம் வந்ததா என்று பார்த்துப் பயனில்லை. வந்த பயத்தைத் தூக்கிக்கொண்டு எந்தப் பக்கம் திரும்புகிறோம், திரும்பிய பிறகு கையில் இருக்கும் வேலையைச் செய்கிறோமா என்றுதான் பார்க்க வேண்டும். இனி எழுதுவதெல்லாம் இந்த இரண்டையும் பற்றித்தான்.

(வேதத்தில் 'பயப்படாதே' என்று சரியாக 365 தடவை, நாளுக்கொன்றாக வருகிறது என்று பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். எண்ணிப் பார்த்தால் அந்தக் கணக்கு வராது. அந்தச் சொல் அடிக்கடி வருகிறது என்பது உண்மை. வரும் இடங்கள் பலவற்றில் கேட்பவர் ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருக்கிறார் என்பதும் உண்மை. அழும் பிள்ளையைத் தூக்கி 'ஒன்னுமில்ல, அழாத' என்கிறோமே, அந்தத் தொனியில் வாசித்தால் அது அதட்டலாகக் கேட்காது.)

மலையில் வாழ்கிறவர்கள் நிதானித்து வாசிக்க வேண்டியது சங்கீதம் 121. நம் பழைய வேதாகமத்தில் முதல் வசனம், "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்" என்று இருக்கிறது. உதவி மலையிலிருந்து வருவதுபோலத் தோன்றும். ஆனால் எபிரேயத்தில் இரண்டாம் பாதி ஒரு கேள்வி. கத்தோலிக்கத் திருவிவிலியம் அதைக் கேள்வியாகவே விட்டிருக்கிறது: "மலைகளை நோக்கி என் கண்களை உயர்த்துகின்றேன்! எங்கிருந்து எனக்கு உதவி வரும்?" இது எருசலேமுக்கு ஏறிப்போகும் யாத்திரிகர்களின் பாட்டு. வழியில் மலை என்றால் கள்வர், வழுக்குப் பாதை, வெயில். அந்த மனுஷன் மலையைப் பார்த்துப் பயந்துதான் கேட்கிறான். பதில் இரண்டாம் வசனத்தில் வருகிறது: ஒத்தாசை மலையிலிருந்து வராது, வானத்தையும் பூமியையும் உண்டாக்கின கர்த்தரிடத்திலிருந்து வரும். அடுத்த வரி, "உன் காலைத் தள்ளாடவொட்டார், உன்னைக் காக்கிறவர் உறங்கார்." பின்னால் நிற்கும் மலையை அண்ணாந்து பார்த்து நீங்கள் இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) உட்கார்ந்து கேட்கும் கேள்வி, ஏற்கெனவே வேதத்துக்குள் இருக்கிறது.

இனி மண்சரிவு.

மத்தேயு 4இல் சாத்தான் இயேசுவைத் தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, தாழக் குதி, தூதர் தாங்குவார்கள் என்கிறான். அவன் எடுத்துக்காட்டுவது 91ஆம் சங்கீதம். நம் வீடுகளில் சுவரில் ஒட்டியிருக்கும் அதே சங்கீதம். இயேசுவின் பதில்: "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக." வெளியேறச் சொல்லி அறிவித்தல் வந்த பிறகும், 'ஆண்டவர் காப்பார், நாங்கள் ஜெபம் பண்ணிக்கொண்டு லயத்திலேயே இருப்போம்' என்பது உப்பரிகையிலிருந்து குதிப்பதுதான். எருசலேம் மதிலைக் கட்டும்போது நெகேமியா செய்தது வேறு. "நாங்களோ எங்கள் தேவனை நோக்கி ஜெபம்பண்ணி, அவர்கள் நிமித்தம் இரவும்பகலும் ஜாமங்காக்கிறவர்களை வைத்தோம்" (4:9). ஜெபமும் காவலும் ஒரே வசனத்தில் இருக்கின்றன.

காவல் வைப்பது எப்படி? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று நிறத்தில் கொடுக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினால் மஞ்சள், விழிப்பாக இருக்க வேண்டும். 100 தாண்டினால் செம்மஞ்சள், புறப்படத் தயாராக இருக்க வேண்டும். 150 தாண்டினால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 கொட்டினால் சிவப்பு, வெளியேற வேண்டும். இதை அளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். வாயிலிருந்து அடிவரை ஒரே அகலமுள்ள டின் அல்லது போத்தல் ஒன்றை, கூரைத் தண்ணீரும் மரத் தண்ணீரும் விழாத வெட்டவெளியில் நேராக வையுங்கள். பிள்ளையின் அடிமட்டத்தை உள்ளே விட்டுப் பாருங்கள். ஏழரை சென்ரிமீற்றர் நின்றால் அது 75 மில்லிமீற்றர். கழுத்து ஒடுங்கிய போத்தலில் அளந்தால் கணக்குப் பிழைக்கும். நாட்கணக்கில் ஊறிய மண் இதைவிடக் குறைந்த மழைக்கும் சரியும். ஆகவே எண்ணை மட்டும் நம்பிக்கொண்டு இருக்கவும் கூடாது. நிலத்திலும் சுவரிலும் புது வெடிப்பு, சாய்ந்த மரமோ கம்பமோ, நேற்றுவரை பூட்டிய கதவு இன்று இறுகுவது, பீலியில் வரும் ஊற்றுத் தண்ணீர் திடீரெனக் கலங்குவது அல்லது நின்றுபோவது, இல்லாத இடத்தில் ஊற்று பீறிடுவது, மலைக்குள்ளிருந்து உறுமல் கேட்பது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் நிறத்துக்குக் காத்திருக்க வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

ஒரு பொலித்தீன் பையில் அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம், சேமலாப நிதிக் கடிதங்கள், கடன் துண்டுகள், குளிசைகள், டோர்ச் எல்லாம் போட்டுக் கதவுப் பக்கம் மாட்டுங்கள். லயத்தில் ஆறு குடும்பமென்றால் கடும் மழை இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருவராக முறை வைத்து விழித்திருக்கலாம். விழித்திருப்பவர் அரை மணிக்கொருமுறை பின்பக்கத்தை டோர்ச் அடித்துப் பார்க்கட்டும், மற்ற நேரம் 121ஐச் சொல்லட்டும். மற்றவர்கள் தூங்கட்டும். உறங்காதவர் ஒருவர் மேலே இருக்கிறார், முறைக்காரர் ஒருவர் கீழே இருக்கிறார். எல்லோரும் விடிய விடிய விழித்துவிட்டுக் காலையில் பெரட்டுக்கு (வேலை பிரிக்கும் இடத்துக்கு)ப் போய்ச் சரிவில் கால் இடறுவதால் ஒருவருக்கும் நன்மையில்லை.

பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை இறங்கி லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று அதற்கு முன்பே எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. மக்கள் ஏன் போகவில்லை என்று தூரத்திலிருந்து கேட்பது சுலபம். போவதற்குச் சொந்தமாகத் துண்டு நிலம் இல்லாதவர்கள் எங்கே போவார்கள்? வெளியேறுவதைப் பற்றிப் போதிக்கிற சபை, வெளியேறினால் அன்றிரவு படுக்க இடத்தையும் யோசிக்க வேண்டும். ஆலயக் கட்டடம் பாதுகாப்பான மேட்டில் இருந்தால் அதன் திறப்பு (சாவி) மழைக்காலத்தில் தோட்டத்துக்குள்ளேயே ஒருவரிடம் இருக்கட்டும். குருவானவர் நகரத்தில், திறப்பும் நகரத்தில் என்றால் எச்சரிக்கை வந்த இரவில் அந்தக் கட்டடம் இருந்தும் இல்லாததுபோல.

'என்ன பாவம் செய்தேன்' என்ற கேள்விக்கு இயேசு நேராகவே பதில் சொல்லியிருக்கிறார். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்த செய்தியை அவரே எடுத்துப் பேசுகிறார் (லூக்கா 13:4). அவர்கள் எருசலேமில் குடியிருக்கிற மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, இல்லை என்று தாமே சொல்லிவிடுகிறார். விழுந்த சுவரிலிருந்து செத்தவனின் பாவத்தை எண்ண அவர் விடவில்லை. யோபுவின் நண்பர்கள் அந்தக் கணக்கைத்தான் பார்த்தார்கள். ஏழு நாள் தரையில் கூட உட்கார்ந்து பேசாமல் இருந்தவரை அவர்கள் நல்ல நண்பர்கள். வாய் திறந்த பிறகுதான் கெட்டார்கள். முடிவில் கர்த்தர், அவர்கள் தம்மைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று கோபப்படுகிறார் (42:7). இழவு வீட்டில் 'இதற்கும் ஒரு நோக்கம் இருக்கும்' என்று தொடங்குகிறவர்கள் அந்த அதிகாரத்தை வாசிக்கலாம். அங்கே செய்ய வேண்டியது வெறுந்தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பது, பிள்ளைகளைக் குளிக்க வைப்பது, கிராம உத்தியோகத்தரிடம் கூடப் போவது.

இனி ஜெபம். பயத்தை எந்தச் சொல்லால் கடவுளிடம் கொண்டுபோவது என்று தெரியாதவர்களுக்கு 13ஆம் சங்கீதம் ஒரு ஏணி. ஆறே வசனம், இரண்டிரண்டாக மூன்று படி.

முதல் இரண்டு வசனம் முறைப்பாடு. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" 'எதுவரைக்கும்' என்று நான்கு தடவை கேட்கிறார் தாவீது. அதை வாசித்துவிட்டு உங்கள் 'எதுவரைக்கும்'களைச் சொல்லுங்கள். வேதாகமத் தமிழ் வேண்டாம், வீட்டில் பேசும் தமிழிலேயே சொல்லுங்கள். 'இன்னும் எத்தனை நாளைக்கு இந்த மலைக்குக் கீழ படுக்கிறது?' 'புள்ள ஏன் போன் எடுக்கிறா இல்ல?' வாய்விட்டு, பெயர் சொல்லி, தொகை சொல்லி. 'என் கஷ்டத்தைப் பாரும்' என்று பொதுவாகச் சொன்னால் பயமும் பொதுவாகவே நின்றுவிடும். 'வெள்ளிக்கிழமைக்கு 1,250 ரூபாய் இல்லை' என்றால் அதற்கு ஓர் அளவு வந்துவிடுகிறது. அடுப்பில் கேத்தல் கொதிக்கும் நேரம் இதற்குப் போதும்.

மூன்றாம் நான்காம் வசனம் விண்ணப்பம். இங்கே ஒன்றை மட்டும், இன்றைக்குள் அடங்குவதாகக் கேளுங்கள். ஐந்தும் ஆறும் நம்பிக்கை. "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்." இந்த வரியைச் சொல்லும்போது நெஞ்சு அதை உணர வேண்டும் என்றில்லை. நான்காம் வசனத்துக்கும் ஐந்தாம் வசனத்துக்கும் இடையில் தாவீதின் நிலைமை எதுவும் மாறியதாகச் சங்கீதத்தில் இல்லை.

இதில் இரண்டு இடத்தில் பிழை போகும். ஒன்று, முறைப்பாடு சொல்ல வெட்கப்பட்டு நேரே ஐந்தாம் வசனத்துக்குத் தாவுவது. அப்படிச் செய்தால் வாய் ஸ்தோத்திரம் சொல்லும், வயிறு கலங்கிக்கொண்டே இருக்கும், இரவு இரண்டு மணிக்கு எல்லாம் திரும்பி வரும். மற்றது, முதல் இரண்டு வசனத்திலேயே மணிக்கணக்காகச் சுற்றுவது. அது ஜெபம் என்ற பெயரில் நடக்கும் கவலை. அதனால்தான் கேத்தல் கணக்குச் சொன்னேன். தண்ணீர் கொதித்ததும் மூன்றாம் வசனத்துக்குப் போய்விட வேண்டும். சில நாள் ஐந்தாம் வசனம் வாயிலேயே வராது. அந்த நாளுக்கு 88ஆம் சங்கீதம் இருக்கிறது. எபிரேயத்தில் அதன் கடைசிச் சொல் 'இருள்'. விடியல் வராமல் முடிகிற பாட்டையும் ஜெபம் என்று வேதம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. கெத்செமனேயில் இயேசுவே திகிலடைந்து, இந்தப் பாத்திரத்தை எடுத்துப்போடும் என்று கேட்டார். 'உம்முடைய சித்தம்' என்ற வார்த்தை அதற்குப் பிறகுதான் வந்தது.

கடனுக்கு வருவோம். 'நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள்' என்ற மத்தேயு 6:34ஐ, கணக்குப் பார்க்காதே என்று விளங்கிக்கொள்கிறவர்கள் உண்டு. வனாந்தரத்து மன்னாவைப் பாருங்கள் (யாத்திராகமம் 16). தலைக்கு ஒரு ஓமர், ஏறக்குறைய 2 லீற்றர். மறுநாளுக்கு ஒளித்து வைத்தவனுக்குப் புழு வைத்தது. ஆனால் ஆறாம் நாளில் இரட்டிப்பாகச் சேர்த்து வைக்கச் சொன்னவரும் கடவுள்தான், அன்று புழு வைக்கவில்லை. பயத்தில் பதுக்குவது வேறு, வரப்போவதை அறிந்து ஒழுங்கு செய்வது வேறு. அன்றன்று பேர் (ஒரு நாள் சம்பளக் கணக்கு) விழுந்தால்தான் அடுப்பு எரியும் வீட்டுக்கு இந்த அதிகாரத்தை விளக்கத் தேவையில்லை.

ஒரு கொப்பியில் எல்லாக் கடனையும் எழுதுங்கள்: யாரிடம், வாங்கியது எவ்வளவு, வாரம் எவ்வளவு, இன்னும் எத்தனை வாரம். உதாரணத்துக்கு 50,000 வாங்கி வாரம் 1,250 வீதம் 52 வாரம் கட்டினால் மொத்தம் 65,000, வட்டி 15,000. வாரத் தொகை சின்னதாகத் தெரிவதால்தான் இந்தப் பதினையாயிரம் கண்ணுக்குப் படுவதில்லை. ஒரு தவணையை அடைக்க இன்னொரு இடத்தில் வாங்குவதை முதலில் நிறுத்த வேண்டும். வலை இறுகுவது அங்கேதான். கட்ட முடியாமல் போகப்போகிறது என்று தெரிந்த வாரமே, தவணை தவறுவதற்கு முன், தவணையைக் குறைத்து நீட்டித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். கட்டிய ஒவ்வொன்றுக்கும் துண்டு வாங்குங்கள். கணவருக்குத் தெரியாத கடன் என்றால் அதைச் சொல்லிவிடுவதுதான் மிகக் கஷ்டமான படி. ஆனாலும் பயத்தில் பாதி அந்த மறைப்பிலேயே இருக்கிறது. தனியே சொல்லத் தைரியமில்லாவிட்டால், அல்லது கைநீட்டுவார் என்ற பயம் இருந்தால், நம்பிக்கையான பெரியவர் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

இந்த இடத்தில் ஒன்றைக் கடுமையாகவே சொல்கிறேன். 'கடன் தீர விசுவாசத்தோடு இவ்வளவு காணிக்கையை விதை, நூறத்தனையாய் வரும்' என்று கேட்கிறவரிடம் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். அவர்கள் காட்டுவது விதவையின் இரண்டு காசு. மாற்கு 12இல் அந்தச் சம்பவம் 41ஆம் வசனத்தில் தொடங்குகிறது. அதற்கு முந்திய 40ஆம் வசனத்தில் இயேசு, விதவைகளின் வீடுகளைப் பட்சித்துப் பார்வைக்கு நீண்ட ஜெபம் பண்ணுகிறவர்களைக் கண்டிக்கிறார். இரண்டையும் சேர்த்து வாசித்தால், அவள் ஜீவனத்துக்கான கடைசிக் காசு பெட்டிக்குள் விழுவதைப் பார்த்து அவர் வெறுமனே மகிழ்ந்தார் என்று சொல்லத் துணிவு வராது.

மகள் விஷயத்தில் ஜெபத்தோடு செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் இலக்கம் 1989. கடவுச்சீட்டுப் பிரதி, ஒப்பந்தப் பிரதி, அனுப்பிய முகவர் நிலையத்தின் பெயர், கடைசியாகப் பேசிய திகதி, அவள் அனுப்பிய குரல் பதிவுகள் இவற்றைத் திரட்டிக் குடும்பத்தார் முறைப்பாடு கொடுக்கலாம். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த இலக்கம் இல்லாமல் இரண்டாம் முறை போனால் கதையை மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும்.

உடம்பைப் பற்றியும் பேச வேண்டும். எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்றார் (1 இராஜாக்கள் 19). அதற்கு முந்திய அதிகாரத்தில்தான் வானத்திலிருந்து அக்கினி இறங்கக் கண்டவர். தேவதூதன் வந்து அவரைக் கண்டிக்கவில்லை. தூங்க விட்டான், எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், திரும்பத் தூங்க விட்டான், திரும்பக் கொடுத்தான். "எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்." கடவுள் அவரிடம் கேள்வி கேட்டது நாற்பது நாள் நடைக்குப் பிறகு. தழலில் சுட்ட அடை என்றால் நம் ரொட்டிதான். பயந்து சோர்ந்து கிடப்பவரிடம் வசனத்தோடு போகும் ஊழியக்காரர் ஒரு கட்டு ரொட்டியும் சம்பலும் எடுத்துக்கொண்டு போனால் தேவதூதன் செய்த வேலையில் பாதியாவது ஆகும்.

இதனால்தான் மூன்று நாள், ஏழு நாள் உபவாசத்தை எல்லோருக்கும் பொதுவாக விதிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இரத்தச்சோகை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார், நீரிழிவுக்குக் குளிசையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றோடு மலை ஏறினால் வியர்த்து நடுங்கிச் சரிவில் விழுவார்கள். நடுங்கும் உடம்பு பயத்தைக் கூட்டும். அதை ஆவிக்குரிய தாக்குதல் என்று எண்ணி இன்னும் ஒரு வேளை சாப்பாட்டை விடுவார்கள். இவர்கள் போனையோ வீண் பேச்சையோ விட்டு உபவாசிக்கலாம்.

திடீரென்று நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, கைவிரல் மரத்து, சாகப்போகிறேன் என்று தோன்றிச் சுமார் பத்து நிமிடத்தில் உச்சிக்குப் போய் இறங்குவது பீதித் தாக்கமாக இருக்கலாம். மாரடைப்பும் இப்படித் தொடங்கலாம். அதனால் முதல் தடவை வந்தால் ஊகித்துக்கொண்டிராமல் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். பீதித் தாக்கம்தான் என்று டொக்டர் சொல்லிவிட்டால், அடுத்த முறை வெளிமூச்சை நீட்டுங்கள். நான்கு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே. உள்ளே இழுக்கையில் 'நான் பயப்படுகிற நாளில்', விடுகையில் 'உம்மை நம்புவேன்'. வசனத்தை மந்திரமாக்குகிறோமோ என்று கூச வேண்டாம். நூறு தடவை சொன்னால் பலிக்கும் என்று எண்ணிக்கையை நம்பினால்தான் அது மந்திரம். இங்கே மூச்சுத் தாளத்துக்கு வருகிறது, மனம் ஒருவரை நோக்கித் திரும்புகிறது.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் இல்லையென்றால், வேலைக்குப் போக முடியவில்லையென்றால், அரசாங்க ஆஸ்பத்திரியின் மனநலக் கிளினிக்குக்குப் போங்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். 1926 தேசிய மனநல உதவி இலக்கம். வீட்டில் பூச்சிமருந்து, களைகொல்லி இருந்தால் வேறு வீட்டில் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள். தீமோத்தேயுவின் வயிற்று நோய்க்குப் பவுல் வைத்தியம்தான் சொன்னார் (1 தீமோத்தேயு 5:23). பிரியமான வைத்தியன் என்று லூக்காவை அழைத்தவரும் அவரே. குளிசையை நிறுத்துவதை விசுவாசத்தின் அடையாளமாகச் சாட்சி சொல்லவைக்கும் கூட்டத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம், பாவமில்லை.

நம்பிக்கையும் முன்ஜாக்கிரதையும் ஒரே ஆளிடம் எப்படி இருக்கும் என்று பார்க்க நமக்குக் கண்டியிலேயே ஒருவர் இருக்கிறார், கத்தோலிக்கக் குருவான புனித யோசப் வாஸ். ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், 1687இல், யாழ்ப்பாணத்துக்கு மாறுவேடத்தில் வந்தார். ஒளிந்து ஊழியம் செய்தார். 1692இல் கண்டிக்கு வந்தபோது போர்த்துக்கேய உளவாளி என்று சந்தேகித்துச் சிறையில் வைத்தார்கள். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவி மற்றவர்கள் ஊரைவிட்டு ஓடியபோது அவர் நோயாளிகளுக்குப் பக்கத்தில் நின்றார். 1711 ஜனவரி 16இல் கண்டியிலேயே இறந்தார். 2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்தார். ஒளிய வேண்டிய நேரத்தில் ஒளிந்ததை யாரும் அவருடைய அவிசுவாசமாக எண்ணவில்லை. எது ஒளியும் நேரம், எது நிற்கும் நேரம் என்று பிரித்தறிந்ததுதான் 'தெளிந்த புத்தி'.

விடுதலை வராமலே போனால்? அதையும் மறைக்கக் கூடாது. எபிரெயர் 11ஆம் அதிகாரம் பட்டயக்கருக்குக்குத் தப்பினவர்களையும் பட்டயத்தால் வெட்டுண்டவர்களையும் ஒரே பட்டியலில் வைக்கிறது. தானியேல் 3இல் அக்கினிச் சூளைக்கு முன்னால் நின்ற மூவரும் "விடுவிக்காமற்போனாலும்" என்ற சொல்லை முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். யாத்திராகமம் 5ஐயும் வாசியுங்கள். மோசே கீழ்ப்படிந்து பார்வோனிடம் போன பிறகு நிலைமை மோசமாகிறது. வைக்கோல் இல்லை, செங்கல் கணக்கு மட்டும் குறையவில்லை. கிலோ கணக்குக் குறைந்தால் அரைப்பேர் விழும் என்று அறிந்தவர்களுக்கு அந்த அதிகாரம் பழைய கதையாகத் தெரியாது. மோசே கடவுளிடமே திரும்பிப்போய், நீர் உம்முடைய ஜனங்களை விடுவிக்கவே இல்லையே என்று சண்டை பிடிக்கிறார். ஆறாம் அதிகாரத்தில் கடவுள் அதற்குக் கோபப்படவில்லை. கூலி பிடிக்கப்பட்டவர்களின் கூக்குரல் கர்த்தரின் செவிக்கு எட்டியது என்று யாக்கோபு 5:4 சொல்கிறது. ஆகவே நிலத்துக்கும் வீட்டுக்கும் கூலிக்கும் மனுக் கொடுப்பது, சங்கத்தில் பேசுவது, பிரதேச செயலகத்தில் வரிசையில் நிற்பது நம்பிக்கையில் குறைவு வந்ததன் அடையாளமாகாது. நாட்காட்டிகளில் அச்சாகும் எரேமியா 29:11 எழுபது வருஷம் அந்நிய தேசத்தில் இருக்கப்போகிறவர்களுக்கு எழுதிய கடிதத்தில் வருகிறது. அதே கடிதத்தின் ஐந்தாம் வசனம் வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள் என்கிறது. இருநூறு வருஷமாகத் தோட்டம் நாட்டிவிட்டு வீடு கட்ட நிலம் கேட்டுக்கொண்டிருக்கும் நம்மவர்கள் அந்தக் கடிதத்தை முழுவதும் வாசிக்க வேண்டும்.

கடைசியாக, வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் கண் மங்கியவர்களுக்கும் ஒரு முறை. மழை இரவில் வேதத்தைத் திறந்து தேட முடியாது, மின்சாரமும் இருக்காது. வசனம் முன்பே உள்ளே இருக்க வேண்டும். ஒரு வாரத்துக்கு ஒரு வசனம் போதும். காலையில் பிள்ளையை வாசிக்கச் சொல்லி மூன்று தடவை கேளுங்கள். தேயிலை நிரை பிடித்து ஏறும்போது முதல் பாதி, நிரை முடிந்து திரும்பும்போது மறுபாதி. கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கும்போது பக்கத்தில் நிற்பவரிடம் முழுவதையும் ஒப்புவியுங்கள். அவர் எந்தச் சபையானாலும் பரவாயில்லை. ஐப்பசி மழைக்கு இரண்டு மாதம் முன்னாலேயே தொடங்கினால் ஏழு வசனமாவது கைவசமாகும். முதலாவதாக ஏசாயா 54:10ஐ எடுக்கச் சொல்வேன். கொஞ்சம் நீளம்தான், அதனால் அதற்கு மட்டும் இரண்டு வாரம் கொடுங்கள்: "மலைகள் விலகினாலும், பர்வதங்கள் நிலைபெயர்ந்தாலும், என் கிருபை உன்னைவிட்டு விலகாமலும், என் சமாதானத்தின் உடன்படிக்கை நிலைபெயராமலும் இருக்கும் என்று, உன்மேல் மனதுருகுகிற கர்த்தர் சொல்லுகிறார்."